பவரான பாலிஷ் கேட்டு வந்தவர்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இருக்கறதுலயே பவரானது எதுங்க?" கேட்பது கார் பாலிஷை. தலைவலி மாத்திரையிலிருந்து வயலுக்கு அடிக்கிற மருந்துவரை எல்லாவற்றிலும் பவர் பார்த்தே பழகிவிட்ட ஊர் இது. ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம், "உங்க கைக்கு எவ்ளோ பவருங்க?" என்று திருப்பிக் கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். போகிறவர்களை நான் கூப்பிடுவதில்லை.

தஞ்சாவூரைத் தாண்டி மன்னார்குடி சாலையில் என் கடை. காரை மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டுக் கொடுப்பது தொழில். பாலிஷ் பாட்டில், மெஷினில் மாட்டும் பேட், துணி இவற்றை விற்பது பக்கத் தொழில். இந்தக் கடைக்கு முன் ஒரு கார் ஷோரூமில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். புது வண்டியை ஆட்கள் வறட்டுத் துணியால் துடைத்துத் துடைத்தே பாழாக்குவதை தினமும் பார்த்து வயிற்றெரிச்சலில் இந்தப் பக்கம் வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சபையில் யாராவது ஒரு அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்து, "பொம்பளைக்கு ஏன் இந்த வேலை?" என்று உச்சுக் கொட்டுவார். அவர் வீட்டுக் காரையும் நான்தான் செய்து கொடுத்தேன். தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, இந்த வட்டாரத்தில் கறுப்பு வண்டியை என்னளவுக்குச் சுத்தமாக எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது.

பாலிஷ் என்றால் ஏதோ மினுக்குகிற எண்ணெய் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் இருப்பது நைசான பொடி. காரின் நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. கீறல் எல்லாம் அதில்தான் விழுகிறது. பாலிஷ் அந்தப் பூச்சை மெல்லத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றுப்புறத்தைக் கொண்டுவந்து சமன் செய்கிறது. சமன் ஆனதும் வெளிச்சம் நேராகத் திரும்புகிறது, பளபளப்பு தெரிகிறது. ஆனால் தேய்த்த பூச்சு போனது போனதுதான். அதனால் எந்தப் பாலிஷ் வாங்குவது என்பதற்கு முன், எவ்வளவு போகிறது என்று பார்த்து நிறுத்தத் தெரிந்த கையா என்று பார்க்க வேண்டும்.

புதிதாக மெஷின் பிடிக்கிறவருக்கு நான் கொடுப்பது ஒரே பாட்டில். பொடி மிக நைசாக இருக்கும், சீக்கிரம் காயாது. நம் ஊர் வெயிலில் இந்தக் காயாமல் இருப்பது பெரிய விஷயம். பங்குனி மதியத்தில் வேகமாகக் காய்கிற பாலிஷைப் போட்டால் அது சுண்ணாம்பாக ஒட்டிக்கொள்ளும், துடைத்து எடுப்பதற்குள் புதுக் கீறல் விழுந்துவிடும். மெஷினும் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரியாக இருக்கக் கூடாது. ஆடிக்கொண்டே சுற்றும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் புதுக் கைக்கு நல்லது. தப்புச் செய்தாலும் மன்னித்துவிடும். நடுத்தரக் கைக்கு நடுத்தரப் பொடி, கொஞ்சம் கெட்டியான ஸ்பாஞ்சு பேட். கட்டிங் காம்பவுண்ட் எனும் முரட்டுப் பாலிஷும் கம்பளி பேடும் ரோட்டரியும் ஒன்றாகச் சேர்வது நன்றாகத் தேறிய கையில் மட்டும்தான். இதில் எனக்குப் புதியவர்களைப் பார்த்துப் பயமே கிடையாது. நாலைந்து வண்டி போட்டுவிட்டு, எல்லாம் தெரியும் என்று வருகிறவரைக் கண்டால்தான் பாட்டிலைத் தர யோசிப்பேன்.

ஒரு மாசி மாதம், சம்பா அறுப்பு ஏறக்குறைய முடிந்து சாலையெல்லாம் வைக்கோல் தூசி பறந்துகொண்டிருந்த சமயம், ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. மன்னார்குடிப் பக்கம் கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், குத்தகைக்குக் கொஞ்சம், இரண்டிலும் நெல். அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"என்ன மெஷின் வெச்சிருக்கீங்க அண்ணே?"

"மச்சான் ஒருத்தர் பட்டுக்கோட்டையில டிங்கரிங் கடையில இருக்காரு. அவருகிட்ட ரோட்டரி வாங்கியாந்திருக்கேன்."

"முன்னாடி புடிச்சிருக்கீங்களா?"

"பவர் டில்லரே புடிச்சிருக்கேன் மேடம். இது என்ன!"

வண்டி கறுப்பு என்றார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அவர் வீட்டில் முதல் கார். மகள் என்ஜினீயரிங் முடித்துத் தேர்வெழுதி, நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் ஆகியிருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை மன்னார்குடியில் வேலைக்குச் சேர வேண்டும். அன்று இந்தக் காரில் அவரே கொண்டுபோய் விடப்போகிறார். அதைச் சொல்லும்போது அவருக்கு வாயெல்லாம் பல். கேட்ட எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் காம்பவுண்டைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கறுப்பு வண்டி, புதுக் கை, ரோட்டரி. மூன்றும் சேர்ந்த இடத்தில் அந்தப் பாட்டிலையும் கொடுத்தால் எனக்குச் சோறு இறங்காது. வண்டியைக் கொண்டுவாருங்கள், நானே செய்து தருகிறேன் என்றேன். "இல்லீங்க, நானே பண்ணிக்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் காரோடு வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் பானெட்டைப் பார்த்தேன். வெயிலில் அதன்மேல் வளையம் வளையமாக, எண்ணெய்ச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தது போல இருந்தது. நடு நடுவே வெள்ளையாகத் திட்டு. கதவுகளில் கை வைக்கவில்லை. அதற்கு முன்னாலேயே பயந்துபோய் நிறுத்தியிருக்கிறார்.

"எதைப் போட்டீங்க?"

"வேற கடையில மூணும் குடுத்தாங்க. முரடு, நடுத்தரம், நைசு."

"வரிசையாப் போட்டீங்களா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒரு டப்பால மூணையும் ஊத்திக் கலந்துட்டேன் மேடம்."

"ஏன்?"

"பூச்சி மருந்து, பூஞ்சாண மருந்து, டானிக்கு எல்லாத்தையும் ஒரே டேங்க்லதானே கலந்து அடிக்கிறோம்? மூணு தடவை அடிக்க ஆளுக்கு எங்க போறது? ஒரே அடியில மூணு வேலையும் முடிஞ்சிரும்ல."

சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். இத்தனை வருடத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவரைப் பார்த்திருக்கிறேன், தேங்காய் எண்ணெய் தடவியவரைப் பார்த்திருக்கிறேன், பாத்திரம் விளக்கும் பொடியைப் போட்ட வாத்தியாரைப் பார்த்திருக்கிறேன். பாலிஷை டேங்க் மிக்ஸ் அடித்தவர் இவர் ஒருவர்தான். யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கில் தப்பில்லை. பயிரில் ஒவ்வொரு மருந்தும் தன் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும். பாலிஷில் அப்படி இல்லை. நைஸ் பொடி தேய்த்து முடிக்கிற இடத்திலேயே முரட்டுப் பொடி மறுபடி கீறிக்கொண்டிருக்கும். கடைசியில் நிற்பது முரடன் போட்ட கோடுதான். இதைச் சொன்னதும் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அப்ப ஒண்ணு போட்டு, தொடச்சு, அப்பறம் அடுத்ததா?" என்றார். ஆமாம் என்றேன்.

பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்து பானெட் முழுக்க வைத்துப் பார்த்தேன். ஓரங்களில் பரவாயில்லை. நடுவில், மேடாக எழும்பும் வரியில் பூச்சு மிகவும் மெலிந்திருந்தது. இவருக்கு முன் வண்டியை வைத்திருந்தவரும் யாரிடமோ கொடுத்து நன்றாகத் தேய்க்க வைத்திருக்கிறார் போலும். அந்த மேட்டுக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக ஒரு பழைய கீறல், நகம் தட்டுகிற ஆழத்தில். இன்னொரு முறை முரட்டுக் கை பட்டால் பூச்சு போய் நிறமே வெளியே வந்துவிடும். அப்புறம் பெயின்ட் அடிக்கத்தான் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு வண்டி வராது.

"விட்டுட்டுப் போங்க. நாளைக்குச் சாயந்தரம் எடுத்துக்கலாம். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் நகரவில்லை. "நீங்க சொல்லுங்க, நான் பண்றேன்" என்றார்.

என் கடையில் வெளியாள் மெஷினைத் தொடக் கூடாது. யாருக்காகவும் நான் அதை மாற்றியதில்லை. என் வீட்டுக்காரரே தொட்டதில்லை. கொஞ்சம் சூடாகவே சொன்னேன்: "இங்க என்ன ட்ரைவிங் ஸ்கூலா நடத்தறேன்? மறுபடி கெட்டுச்சுன்னா யார் பேரு கெடும்?"

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க ஊருல ஒரு பெரிய வீடு இருக்குங்க. எங்கப்பா, நானு, எல்லாம் அங்கதான் பண்ணையில கெடந்தோம். இளவட்டமா இருக்கறப்ப அவங்க வீட்டுக் காரைத் தொடைக்கிறது என் வேலை. விடிஞ்சா பூராவும் தொடைச்சு முகம் தெரியற மாதிரி நிறுத்தணும். வருஷக் கணக்காத் தொடைச்சேன். ஒருநாள் அதுல உக்காந்தது கெடையாது. இப்ப நம்ம வண்டி. இதை வேற ஆளு தொடைச்சுக் குடுத்து நான் ஓட்டிட்டுப் போனா எனக்கு மனசு ஒப்பலைங்க. எம் மவ ஏறுற வண்டிய நான்தான் பண்ணணும்."

நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதை ஒரு வாடிக்கையாளர் முன்னால் காட்ட எனக்கு விருப்பமில்லை. திரும்பி வந்து, "வேட்டிய மடிச்சுக் கட்டுங்க. வாட்சைக் கழட்டுங்க. இனிமே நான் சொல்ற பாட்டில்தான்" என்றேன்.

டிங்கரிங் கடையிலிருந்து வாங்கிப் போட்டிருந்த ஒரு பழைய பானெட் பின்னால் கிடந்தது. முதலில் அதில் பழகச் சொன்னேன். டூயல் ஆக்‌ஷன் மெஷினைக் கையில் கொடுத்தேன். புதுக் கைக்குக் கொடுக்கிற அதே நைஸ் பாலிஷ், மெத்தென்ற ஸ்பாஞ்சு பேட். எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார்: பேடு நனையும் அளவுக்குப் பாலிஷை ஊற்றினார், பிறகு உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினார். இந்த மெஷினை அமுக்கினால் அது சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நடுங்கும். பேடின் பின்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். "இந்தக் கோடு சுத்தறது கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா நீங்க அமுக்கறீங்கன்னு அர்த்தம்."

"அமுக்காம கீறல் எப்படிங்க போகும்?"

"கீறலை நீங்க எடுக்கலை அண்ணே. பாலிஷ் எடுக்குது. நீங்க மெஷினைக் கூட்டிட்டுப் போனா போதும்."

அவர் பிடித்துக்கொண்டார். உள்ளபடியே சொல்கிறேன், நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். வயலில் தண்ணீர் கட்டுகிற ஆள் இல்லையா, ஒரு பாத்தி நிறையும் வரை அடுத்ததுக்கு வாய்க்கால் திறக்காமல் நிற்கத் தெரிந்திருந்தது. பானெட்டைச் சின்னச் சின்னச் சதுரமாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு சதுரத்தை முடித்து, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அடுத்ததற்கு நகர்ந்தார். அன்று மாலையே அவர் காரின் பின்கதவில் ஆரம்பித்தோம். மடிப்பு ஓரங்களிலெல்லாம் நான் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுத்தேன். வைக்கோல் தூசி உள்ளே வராமல் இருக்க ஷட்டரை இறக்கிவிட்டு, ஃபேனை வேறு பக்கம் திருப்பிவைத்தோம். வியர்வை இருவருக்கும் ஊற்றியது. இடையில் மேடம் போய் தங்கச்சி ஆகிவிட்டேன்.

சனிக்கிழமை பானெட்டுக்கு வந்தோம். வளையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவர் முகம் அதில் தெரியத் தெரிய அவருக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மீந்தது அந்தக் குறுக்குக் கீறல் மட்டும். ஓரங்கள் மழுங்கியிருந்தன, ஆனாலும் வெளிச்சத்தில் தெரிந்தது.

"தங்கச்சி, இதுக்கு மட்டும் அந்த முரட்டுப் பாலிஷைக் கொஞ்சம் போட்டா?"

"போட்டா போயிரும். கூடவே பெயின்டும் போனாலும் போகும்."

"நீங்க போட்டா?"

நல்ல கேள்வி. நான் போட்டிருந்தால் ஒருவேளை எடுத்திருப்பேன். அந்த அளவுக்கு என் கை மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் மீட்டர் காட்டியதை நான் பார்த்திருந்தேன். "நானும் போட மாட்டேன். எடுத்த பெயின்டைத் திருப்பி வைக்க எந்தப் பாட்டிலும் கெடையாது. எதுக்கும், வண்டி உங்களோடது. நீங்களே சொல்லுங்க" என்றேன்.

மெஷினைக் கையில் வைத்தபடி நெடுநேரம் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். காம்பவுண்ட் பாட்டில் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் வேண்டுமென்றே அதை எடுத்து ஒளித்துவைக்கவில்லை. அவர் அதைத் தொட்டுவிடக் கூடாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் வயரைப் பிடுங்கி, மெஷினை பெஞ்சில் வைத்தார். "இருந்துட்டுப் போகட்டும். வெயில்ல குனிஞ்சு பாக்கறவனுக்குத்தான் தெரியும்" என்றார். அப்போது எனக்கு முடிவாகிவிட்டது, இவர் இனிப் புதுக் கை இல்லை என்று. அடுத்த முறை வந்தால் நடுத்தரப் பாட்டிலைத் தைரியமாகக் கொடுப்பேன். அதைச் சொன்னேன். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி வெட்கப்பட்டார். மேலே மெழுகு தடவி, காரைக் கொடுத்தனுப்பினேன்.

"திங்கக்கெழமை காலையில நீங்களும் வரணும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். கடையைத் திறக்கத் தாமதமானால் ஆகட்டும் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் தெரு குறுகலானது. இரண்டு பக்கமும் சிமென்ட் வீடுகள், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு தார்ப்பாயில் நெல் காய்ந்தது. நடுவில் கார் நின்றது. மேலே ஓடிய மின்கம்பிகூட அதில் கோடு பிசகாமல் தெரிந்தது. ஜனம் சுற்றி நின்று முகம் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் காட்டன் புடவையில், கையில் ஃபைலோடு வந்தாள். பானெட்டைத் தடவப் போன அம்மாவிடம், "கைரேகை விழும்மா, அப்பா அடிப்பாரு" என்று சிரித்தாள். என்னைப் பார்த்து, "நீங்கதானா அது? ரெண்டு நாளா உங்க பேச்சுதான்" என்றாள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

அப்போதுதான் பெரிய வீட்டுக்காரர் வந்தார். அவருக்கும் ஐம்பது வயதுதான் இருக்கும். எங்கேயோ நடந்து போகிறவர் காரைப் பார்த்துத் தெருவுக்குள் திரும்பியிருக்கிறார். சுற்றி வந்து பார்த்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. மகளைப் பார்த்து, "நல்லா இரும்மா. வாய்க்கால்ல ஒழுங்காத் தண்ணி விடு" என்று சிரித்தார். பிறகு அவள் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"வண்டி பிரமாதமா இருக்கேப்பா. யாரு பண்ணுனது?"

"நான்தாங்க."

"அட! உன் கை அப்படியே இருக்கு பாரேன். அப்பவே உன்னளவுக்குத் தொடைக்க ஆள் கெடையாது. நாளைக்கு வந்து நம்ம வண்டியையும் கொஞ்சம் பாத்துட்டுப் போயிரு."

மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். பாராட்டாகவே நினைத்துச் சொல்லியிருப்பார். மகளின் முகம் மாறியது. கோபத்தில் நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அப்பாவே பேசிவிட்டார். குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை.

"இல்லீங்க. நான் என் வண்டிக்கு மட்டுந்தான் பண்றது. இந்தா நிக்கிறாங்க பாருங்க, இவங்க தஞ்சாவூர்ல கடை வெச்சிருக்காங்க. கொண்டு போனீங்கன்னா முறையாப் பண்ணிக் குடுப்பாங்க."

பெரிய வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். "கொண்டாங்க. வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணித் தேதி வாங்கிக்கிங்க" என்றேன். எவ்வளவு முயன்றாலும் என் முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பா மகளுக்கு முன்கதவைத் திறந்துவிட்டார். சுற்றிவந்து தானும் ஏறி, காரைக் கிளப்பினார். தெருவில் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் பெரிய வீட்டுக்காரர். ஹாரன் ஒருமுறை அடித்தது, மெதுவாகத்தான். பெரிய வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டு வாசற்படியில் ஏறி வழிவிட்டு நின்றார். கார் போனது.